டாக்டரின் கைக்கு என்ன விலை?

1954-ம் ஆண்டு, ஜனவரி 30-ந் தேதி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த இளம் டாக்டர்கள் சிலர் ஒரு வண்டியில் உல்லாசப் பயணம் புறப்பட்டார்கள். வழியில் விபத்து நேர்ந்தது.

வண்டியில் இருந்தவர்களில் ஒருவர் டாக்டர் மேரி வர்கீஸ். கேரளத்துப் பெண். வயது முப்பதுகூட ஆகவில்லை. முகத்தில் பலத்த காயம், முதுகெலும்பிலும் அடி. உயிர் தப்பினார். ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. இனி அவரால் எழுந்து நடக்க முடியாது.

'இனிமேல் இவர் எங்கே வைத்தியம் பார்க்கப்போகிறார்!' என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அதே வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் இருந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து மறுபடியும் வேலை செய்ய வைத்தவர் அவர். கையில் செய்யும் ஆபரேஷனுக்கு நின்றுகொண்டிருக்க வேண்டியதில்லையே? மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கத்தியைக் கையில் எடுத்தார். எத்தனையோ நோயாளிகளின் விரல்களை நிமிர்த்தினார்.

அவருக்குக் கால்கள் போயின, கைகள் இருந்தன. தாங்கிப் பிடிக்க ஓர் ஆஸ்பத்திரியும் இருந்தது.

கால்களுக்குப் பதிலாகக் கைகள் போயிருந்தால்? அந்த ஆஸ்பத்திரியும் இல்லாமல், கடன் வாங்கிக் கட்டிய சொந்த நர்ஸிங் ஹோம் மட்டும் இருந்தால்?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியே உலகில் ஒருவகை இன்ஷூரன்ஸ் பிறந்திருக்கிறது. ஊனம் நேர்ந்து உழைக்க முடியாமல் போனால் மாதாமாதம் பணம் கொடுக்கும் இன்ஷூரன்ஸ். அமெரிக்காவில் படிப்பு முடிந்து வேலை பழகும் இளம் டாக்டர்களுக்கு, 'முதலில் இதை எடு. பிறகு வீடு வாங்கு' என்றே பெரியவர்கள் புத்தி சொல்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து அங்கே போய்த் தொழில் செய்யும் டாக்டர்களும் இந்த யோசனையைக் கேட்காமல் இருப்பதில்லை.

டாக்டரின் மூலதனம்

கடைக்காரருக்குச் சரக்கு மூலதனம். விவசாயிக்கு நிலம் மூலதனம். டாக்டருக்கு? படிப்பும், அதைப் பயன்படுத்தும் கையும் கண்ணும்தான்.

அந்தப் படிப்புக்கு எத்தனை ஆண்டுகள்! நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு, பயிற்சி ஆண்டும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். மேற்படிப்புக்கு மூன்று. அதற்கும் மேலே தனித்துறை நிபுணராக வேண்டுமானால் இன்னும் மூன்று. நண்பன் பேரக் குழந்தைக்குப் பெயர் வைக்கும் வயதில் டாக்டரின் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருப்பான்! அமெரிக்காவிலோ கல்லூரியில் நான்கு ஆண்டு, மருத்துவக் கல்லூரியில் நான்கு ஆண்டு, அப்புறம் துறைக்கு ஏற்ப மூன்று முதல் ஏழு ஆண்டு வரை பயிற்சி. பலருக்குத் தலைக்கு மேல் படிப்புக் கடன் வேறு.

ஆகவே டாக்டர் சம்பாதிக்கத் தொடங்குவது தாமதம். சம்பாதிக்கும் காலம் குறைவு. அந்தக் காலத்துக்குள் கை நடுங்கத் தொடங்கினால் கதி என்ன?

'நான்தான் லட்சக் கணக்கில் இன்ஷூர் செய்திருக்கிறேனே' என்று சிலர் சொல்வார்கள். எதற்குச் செய்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஆயுள் இன்ஷூரன்ஸ், செத்தால் குடும்பத்துக்குப் பணம் தரும். வைத்தியச் செலவு இன்ஷூரன்ஸ், ஆஸ்பத்திரி பில்லைக் கட்டும். நோயாளி வழக்குப் போட்டால் காப்பதற்கு எடுக்கும் இன்ஷூரன்ஸ், கோர்ட்டோடு நின்றுவிடும். ஆள் உயிரோடு இருக்கிறார், பில்லும் கட்டியாயிற்று, வழக்கும் இல்லை, ஆனால் வேலை செய்ய முடியவில்லை. அப்போது இந்த மூன்றும் கை விரித்துவிடும்.

இரண்டே வார்த்தை

இனி அமெரிக்கப் பாலிஸியைப் பார்ப்போம். அதில் பக்கம் பக்கமாக எழுத்துக்கள் இருக்கும். ஆனால் உயிர்நாடி ஒரே இடத்தில்தான். 'ஊனம் என்றால் என்ன?' என்று பாலிஸி எப்படிச் சொல்கிறது?

ஒரு சர்ஜனை எடுத்துக்கொள்வோம். வயது 45. வலது கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஆபரேஷன் செய்ய முடியாது. ஆனால் பேச முடியும், நடக்க முடியும், மாணவர்களுக்குப் பாடம் சொல்ல முடியும். இவர் ஊனமுற்றவரா, இல்லையா?

ஒருவகைப் பாலிஸி, 'எந்தத் தொழிலும் செய்ய முடியாவிட்டால்தான் ஊனம்' என்று சொல்லும். அதன்படி சர்ஜனுக்கு ஒரு காசும் கிடைக்காது. 'படிப்புக்குத் தகுந்த வேலை வேறு இருக்கிறதே, போய்ப் பாருங்கள்' என்று சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு வகை, 'சொந்தத் தொழிலைச் செய்ய முடியாமல், வேறு வேலையும் செய்யாமல் இருந்தால் பணம் உண்டு' என்று சொல்லும். சர்ஜன் வீட்டில் உட்கார்ந்திருந்தால் பணம். வாத்தியார் வேலைக்குப் போனால் பணம் நின்றுவிடும், அல்லது குறைந்துவிடும்.

மூன்றாவது வகைதான் டாக்டர்கள் தேடிப் போவது. 'உமது சொந்தத் தொழிலைச் செய்ய முடியாவிட்டால் அது ஊனம். வேறு வேலை பார்த்துச் சம்பாதித்தாலும் உமக்குரிய பணத்தைக் குறைக்க மாட்டோம்.' நம் சர்ஜன் கல்லூரியில் பாடம் சொல்லிச் சம்பளமும் வாங்கலாம். மாதாமாதம் இன்ஷூரன்ஸ் பணமும் வாங்கலாம்.

'சொந்தத் தொழில்' என்ற இரண்டு வார்த்தைக்காக அங்கே டாக்டர்கள் கூடுதல் பிரீமியம் கட்டத் தயாராக இருப்பதன் ரகசியம் இதுதான்.

முதலாளி கொடுக்கும் பாலிஸி

'ஆஸ்பத்திரியே எல்லோருக்கும் சேர்த்து எடுத்திருக்கிறது. தனியாக எதற்கு?' என்று கேட்பவர்களும் உண்டு.

அந்தக் கூட்டுப் பாலிஸிகளில் பெரும்பாலும் சம்பளத்தில் 60 சதவீதம் என்று சொல்லியிருக்கும். அதற்கும் ஓர் உச்சவரம்பு இருக்கும். மாதம் 20,000 டாலர் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். 60 சதவீதம் என்றால் 12,000. ஆனால் உச்சவரம்பு 10,000 என்று இருந்தால் கிடைப்பது 10,000தான். முதலாளியே பிரீமியம் கட்டியிருந்தால் அதற்கும் வருமான வரி உண்டு. டாக்டர் தாமே, வரி கட்டிய பணத்திலிருந்து பிரீமியம் செலுத்தியிருந்தால் வரி கிடையாது.

இன்னொரு முடிச்சு: பல கூட்டுப் பாலிஸிகள் முதல் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் 'சொந்தத் தொழில்' என்று பார்க்கும். பிறகு 'எந்தத் தொழிலும்' என்று மாறிவிடும். மேலும், வேலையை விட்டால் பாலிஸி கூடவே வருவது நிச்சயமில்லை. தனிப் பாலிஸி அப்படியல்ல. சட்டைப் பையில் இருக்கும் பேனாவைப் போல எங்கே போனாலும் உடன் வரும்.

அரசாங்கம் உதவாதா? அமெரிக்க அரசாங்கத்தின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்திலும் ஊனத் தொகை உண்டு. ஆனால் அங்கே சோதனை மிகக் கடுமை. ஏறக்குறைய எந்த வேலையும் செய்ய முடியாதவர்களுக்குத்தான் அது. கை நடுங்கும் சர்ஜன் அந்த வாசலில் நிற்பதில் பயன் இல்லை.

பார்க்க வேண்டிய ஷரத்துக்கள்

வார்த்தை சரியாக இருந்தால் மட்டும் போதாது. இன்னும் சில ஷரத்துக்களையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

முதலாவது, காத்திருக்கும் காலம். ஊனம் நேர்ந்த நாளிலிருந்தே பணம் வராது. பெரும்பாலோர் 90 நாள் காத்திருப்பை ஏற்கிறார்கள். காத்திருக்கும் காலம் நீண்டால் பிரீமியம் குறையும். கையில் எத்தனை மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று பார்த்து அதற்கேற்ப முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, எத்தனை வயது வரை பணம் வரும்? ஐந்து ஆண்டோடு நிற்கும் பாலிஸியும் உண்டு. 65 அல்லது 67 வயது வரை தரும் பாலிஸியும் உண்டு. 40 வயதில் கை போனவருக்கு ஐந்து ஆண்டு எம்மாத்திரம்?

மூன்றாவது, அரைகுறை ஊனம். முதுகு வலியால் வாரத்துக்கு ஆறு நாள் பார்த்த வேலையை மூன்று நாள்தான் பார்க்க முடிகிறது என்றால்? வருமானம் எவ்வளவு குறைந்ததோ அதற்குத் தக்கபடி தரும் ஷரத்து வேண்டும். முழுக்க முடங்கிப் போகிறவர்களைவிடப் பாதி முடங்குகிறவர்கள் உண்டு என்பதை மறக்கலாகாது.

நான்காவது, மனநோய். பல பாலிஸிகளில் மனநோய்க்கும் போதைப் பழக்கத்துக்கும் இரண்டு ஆண்டுதான் பணம். இரவு பகல் பாராமல் உழைத்து மனம் சோர்ந்துபோகும் டாக்டர்கள் இருக்கும் காலத்தில் இது சின்ன விஷயம் அல்ல.

ஐந்தாவது, கம்பெனி இஷ்டப்படி பாலிஸியை ரத்து செய்யவோ பிரீமியத்தை உயர்த்தவோ முடியாது என்ற உறுதி. வருமானம் உயர்ந்தால், மறுபடி உடற்பரிசோதனை இல்லாமல் தொகையை உயர்த்திக்கொள்ளும் உரிமையும் இருந்தால் நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வயது. இளமையில் பிரீமியம் குறைவு. உடம்பில் குறை சொல்லவும் ஒன்றும் இருக்காது. முதுகு வலிக்கு ஒரு தடவை வைத்தியம் பார்த்துக்கொண்ட பிறகு போனால், 'முதுகைத் தவிர மற்றதற்கெல்லாம் தருகிறோம்' என்று கம்பெனி சொல்லக்கூடும். அதற்காக வியாதியை மறைத்து எழுதவும் கூடாது. பணம் கேட்கும்போது பழைய சீட்டு வெளியே வரும். பாலிஸி காகிதமாகிவிடும்.

ஒரு பழைய பாடம்

1980-களில் அமெரிக்கக் கம்பெனிகள் டாக்டர்களை நாடி ஓடின. தாராளமான ஷரத்துக்களோடு பாலிஸிகளை விற்றன. 1990-களில் நிலைமை மாறியது. டாக்டர்களிடமிருந்து ஊனக் கோரிக்கைகள் பெருகின. கம்பெனிகளுக்கு நஷ்டம் வந்தது. சில கம்பெனிகள் இந்த வியாபாரத்தையே விட்டன. மற்றவை ஷரத்துக்களை இறுக்கின.

கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை என்ற புகார்களும் எழுந்தன. 2004-ல் பெரிய கம்பெனி ஒன்று, மாநில அரசாங்கங்களின் அதிகாரிகளோடு உடன்பாடு செய்துகொண்டு, மறுத்த கோரிக்கைகளை மறுபடி பரிசீலிக்கச் சம்மதித்தது. ஒன்றரைக் கோடி டாலர் அபராதமும் கட்டியது.

இதில் இரு பக்கத்தாருக்கும் பாடம் உண்டு. கம்பெனி தர்மசத்திரம் அல்ல. பாலிஸியும் வெறும் வாக்குறுதி அல்ல. எழுத்தில் உள்ளதுதான் செல்லும்.

நம் ஊரில் என்ன?

இந்தியாவில் டாக்டர்கள் சாதாரணமாக எடுப்பது தனிநபர் விபத்துப் பாலிஸி. பெயரிலேயே சங்கதி இருக்கிறது. விபத்து நேர்ந்தால்தான் பணம். இரண்டு கைகளும் போனால் முழுத் தொகை. ஒரு கை போனால் பாதி. விரல்களுக்கு அதற்கும் கீழே. இப்படி அட்டவணை போட்டிருப்பார்கள்.

அட்டவணைக்குத் தொழில் தெரியாது. கட்டை விரல் போன கணக்கப்பிள்ளைக்கும், கட்டை விரல் போன கண் சர்ஜனுக்கும் ஒரே சதவீதம்தான். முன்னவர் மறுவாரம் வேலைக்குப் போவார். பின்னவர் பிழைப்பே போய்விடும்.

நடுக்க வாதம் விபத்து அல்ல. கழுத்தெலும்புத் தேய்மானம் விபத்து அல்ல. பக்கவாதமும் விபத்து அல்ல. இவற்றுக்கு விபத்துப் பாலிஸி உதவாது. கடும் நோய்களுக்கான பாலிஸி என்று ஒன்று உண்டு. அது பட்டியலில் கண்ட நோய் வந்தால் ஒரே தடவையாக ஒரு தொகையைக் கொடுக்கும். பட்டியலில் இல்லாத நோய் வந்தால் ஒன்றும் இல்லை. இரண்டையும் சேர்த்து எடுத்தாலும் நடுவில் ஓட்டை இருக்கத்தான் செய்யும்.

அரசாங்க டாக்டர்களுக்கு ஒரு தைரியம் இருக்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவு, பணிக்காலத்தில் ஊனம் அடைந்தவரை வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. பழைய வேலைக்கு அவர் தகுதியில்லை என்றால், அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை தர வேண்டும். சொந்தமாகத் தொழில் நடத்தும் டாக்டருக்கு அப்படி எந்தச் சட்டமும் சம்பளம் தராது. அவரே அவருக்கு முதலாளி, அவரே தொழிலாளி.

ஆகவே சொந்தத் தொழில் டாக்டர் ஒரு நாள் மாலையில், கடைசி நோயாளி போன பிறகு, ஒரு காகிதத்தை எடுத்து எழுதிப் பார்க்க வேண்டும். 'நாளை முதல் என் கை ஓடாது. வீட்டுச் செலவு எவ்வளவு? கடன் தவணை எவ்வளவு? நர்ஸுகளுக்குச் சம்பளம் எவ்வளவு? எத்தனை மாதம் தாங்கும்?' விடையைப் பார்த்தால், எவ்வளவு சேமிக்க வேண்டும், எவ்வளவுக்குப் பாலிஸி எடுக்க வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும்.

நோயாளிக்கு, 'வரும் முன் காத்துக்கொள்' என்று தினமும் சொல்லும் வாய், அதை ஒரு தடவை தனக்கும் சொல்லிக்கொள்ளக் கூடாதா?

டாக்டர் மேரி வர்கீஸ் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்தார். வேலூருக்குத் திரும்பி அந்தத் துறையை நடத்தினார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972-ல் அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. முதுகெலும்பு முறிந்து வந்த எத்தனையோ பேருக்கு, சக்கர நாற்காலியில் அமர்ந்த அந்த டாக்டரே மருந்தாக இருந்தார்.

அவருடைய மன உறுதியை எந்தக் கம்பெனியும் விற்காது. ஆனால் மன உறுதி உள்ளவருக்கும் மாதம் முதல் தேதி அரிசி வாங்க வேண்டும். பாலிஸி அதற்குத்தான்.