மாண்ட்கோமரியில் கால் ஏக்கர் போதுமா?

வாஷிங்டனை ஒட்டி, மேரிலாந்து மாநிலத்தில் இருக்கிறது மாண்ட்கோமரி கவுன்டி. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை பத்து லட்சத்தைத் தாண்டியது. சோற்றுக்கும் தண்ணீருக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் இங்கே வாழ முடியுமா, பேரிடர் வந்தால் தாக்குப்பிடிக்க முடியுமா என்று பலர் சேர்த்தே கேட்கிறார்கள். இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

இவ்வளவு நெருக்கமான புறநகரில் விவசாய நிலம் ஏது?

நிறையவே இருக்கிறது. 1980இல் கவுன்டியின் மூன்றில் ஒரு பங்கை, சுமார் 93,000 ஏக்கரை, விவசாயத்துக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். அங்கே 25 ஏக்கருக்கு ஒரு வீடு என்பது விதி. பிளாட் போட்டு விற்கிறவர்களைத் தடுத்த இந்த விதி, ஐந்து ஏக்கர் வாங்கிக் குடிசை கட்டலாம் என்று வருகிறவரையும் வாசலிலேயே நிறுத்துகிறது. பழைய வீட்டோடு ஒரு துண்டு நிலம் விற்பனைக்கு வந்தால்தான் உண்டு.

கொல்லைத் தோட்டம் ஒரு குடும்பத்துக்குப் போதாதா?

குழம்புக்குக் காய் கிடைக்கும். அரிசி, பருப்பு கடையிலிருந்துதான் வர வேண்டும். கால் ஏக்கர் புறநகர் மனை என்பது நம் கணக்கில் 25 சென்ட். அதில் வீடு, கார் ஷெட், ஓக் மர நிழல் எல்லாம் போக மிஞ்சுவது கொஞ்சம். குளிர்கால உறைபனிகளுக்கு இடைப்பட்ட காலத்தில், ஏறக்குறைய ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் வரை, தக்காளியும் வெண்டையும் வரும். மான்கள் விட்டுவைத்தால்! எட்டடி வேலி இல்லாத தோட்டம் அவற்றுக்கான பந்திதான்.

கோழி வளர்க்கலாம். ஆனால் கூண்டு பக்கத்து வீட்டிலிருந்து 100 அடி தள்ளியிருக்க வேண்டும். கால் ஏக்கர் சதுர மனையின் ஒரு பக்கமே 104 அடிதான். டேப்பை எடுத்து அளந்தால் பலருக்குக் கோழி ஆசை அடங்கிவிடும். கவுன்டிக்குள் இருக்கும் ராக்வில், கெய்தர்ஸ்பர்க் நகரங்களுக்கு விதிகள் தனி.

புயலடித்தால் ஊர்ப்புறம்தானே பாதுகாப்பு?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 2012 ஜூன் 29 இரவு 'டெரேச்சோ' என்ற சூறைக்காற்று வீசி, மரங்கள் கம்பிகள் மேல் சாய்ந்தன. கடும் வெயிலில் பல வீடுகள் நாள்கணக்காக மின்சாரம் இல்லாமல் தவித்தன. வடக்கே விவசாயப் பகுதி வீடுகளுக்கு போர்வெல் தண்ணீர்தான். கரண்ட் போனால் மோட்டார் நிற்கும், குழாயும் வறண்டுவிடும். புறநகரில் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கே அப்போது மின்சாரம் போனதால் சிக்கனக் கட்டுப்பாடு வந்தது; ஆனாலும் குழாயில் தண்ணீர் வந்தது. நிலம் வைத்திருப்பவர் முதலில் வாங்க வேண்டியது டிராக்டர் அல்ல, போர்வெல்லுக்கு ஓர் அடிபம்பு.

புறநகருக்குத் தண்ணீர் தரும் பொடோமாக் ஆறு வற்றினால்?

அதற்காகத்தான் பாய்ட்ஸ் அருகே லிட்டில் செனகா ஏரி. 1999, 2002 வறட்சிகளில் அதன் தண்ணீரை ஆற்றுக்குத் திறந்துவிட்டார்கள்.

புறநகரிலேயே இருப்பவர் என்ன செய்யலாம்?

ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு காலன் தண்ணீர் என்பது அரசின் கணக்கு. நான்கு பேருக்கு இரண்டு வாரத்துக்கு 56 காலன், ஏறக்குறைய ஒரு டிரம். ஜெனரேட்டர் வாங்கினால் வீட்டிலிருந்து 20 அடி தள்ளி வெளியே வையுங்கள். கார் ஷெட்டில் கதவைத் திறந்துவைத்தாலும் ஓட்டக் கூடாது. அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.