குங்குமப்பூ: மண்ணுக்குள் இருக்கும் முதல்

பத்தடி அறையில் குங்குமப்பூ வளர்த்து ஆண்டுக்குப் பல லட்சம் ரூபாய் ஈட்டலாம் என்று கூறும் காணொளிகளை வாடிக்கையாளர்கள் பலர் கண்டிருக்கக் கூடும். அதற்குக் கடன் கிடைக்குமா என்று வினவுவோரும் உண்டு. கடனைப் பற்றி எண்ணுவதற்கு முன்பு, இச்செடி ஓராண்டை எவ்வாறு கழிக்கிறது என்பதை அறிந்துகொள்வது நலம். ஏனெனில் அதன் வரவு செலவுக் கணக்கு முழுவதும் அந்த வாழ்க்கை முறையிலேயே அடங்கியிருக்கிறது.

குங்குமப்பூ, குரோக்கஸ் எனப்படும் பேரினத்தைச் சேர்ந்தது. இப்பேரினத்தின் செடிகளுள் பல, பனி உருகும் தறுவாயிலோ குளிரின் நடுவிலோ பூப்பவை. ஐரோப்பியத் தோட்டங்களில் குளிர்காலத்தின் இறுதியை அறிவிப்பவை அவையே. நாம் உணவில் சேர்க்கும் குங்குமப்பூவோ குளிர் தொடங்கும் முன்பு, அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முற்பகுதி வரை பூக்கிறது. பூ உதிர்ந்த பின்னரே அதன் உண்மையான உழைப்பு தொடங்குகிறது. புல்போன்ற மெல்லிய இலைகள் குளிர்காலம் முழுவதும் பசுமையாக நின்று வெயிலை வாங்கி, மண்ணுக்குள் புதிய கிழங்குகளை வளர்க்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் இலைகள் காய்ந்துவிடும். பிறகு கோடை முழுவதும் உறக்கம். அவ்வுறக்கத்தின்போதுதான், மண்ணின் வெப்பம் 23 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருக்கையில், அடுத்த பருவத்திற்குரிய மொட்டு கிழங்கினுள் உருவாகிறது. வெப்பம் 17 டிகிரி அளவுக்கு இறங்கும்போது அது வெளிவருகிறது.

இச்செடி விதை தருவதில்லை. மூன்று தொகுதிக் குரோமோசோம்களைக் கொண்டிருப்பதால் அது மலட்டுச் செடி. ஒரு கிழங்கு பூத்து முடிந்ததும் சுருங்கி மறைகிறது. அதன்மேல் சேய்க்கிழங்குகள் தோன்றுகின்றன. வங்கி மொழியில் கூறுவதானால் கிழங்கே முதல், பூ அதன் வட்டி. ஆண்டுதோறும் பழைய முதல் முழுவதும் கரைந்து, குளிர்கால வெயிலால் புதிய முதல் உருவாக வேண்டும். எட்டு கிராமுக்குக் குறைவான கிழங்குகள் பெரும்பாலும் நன்கு பூப்பதில்லை.

இனி அறைக்குள் வளர்ப்போரின் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ உலர்ந்த குங்குமப்பூவிற்கு ஏறத்தாழ 1,50,000 மலர்கள் தேவை. ஒரு கிழங்கு சராசரியாக இரண்டு மலர்கள் தருவதாகக் கொண்டால் 75,000 கிழங்குகள் வேண்டும். கிழங்கு ஒன்று பத்து கிராம் என்றால் மொத்தம் 750 கிலோ! இருட்டறைத் தட்டுகளில், மண்ணே இன்றிக் கிழங்குகளைப் பூக்கச் செய்வது உண்மையிலேயே இயலும். காஷ்மீரத்திலும் சிலர் இதனைச் செய்கின்றனர். ஆனால் அவர்கள் பூப்பறித்த கையோடு கிழங்குகளை வயலுக்குக் கொண்டுபோய் நட்டுவிடுகின்றனர். குளிரும் வெயிலும் மண்ணும் அங்கே இருக்கின்றன. சமவெளி நகரத்து அறையில் முதற்பருவம் பூத்துவிடும். காணொளியும் அத்துடன் முடிந்துவிடும். குளிர்காலத்தில் ஒளியும் ஊட்டமும் சரிவரக் கிடைக்காவிடில் சேய்க்கிழங்குகள் சிறுத்துப் போகும். மறு ஆண்டு கிழங்குகளைப் புதிதாக விலைக்கு வாங்க நேரும். திட்ட அறிக்கையில் இரண்டாம் ஆண்டுக் கிழங்குச் செலவு இடம்பெற்றிருக்கிறதா என்பதே விண்ணப்பதாரர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய முதற்கேள்வி.

காஷ்மீரத்தில் ஜீலம் நதிக்கரையை அடுத்த பாம்பூர் மேட்டுநிலங்களே இந்தியக் குங்குமப்பூவின் தாயகம். கிஷ்துவாரிலும் இது சிறிதளவு பயிராகிறது. காஷ்மீரி மொழியில் இதற்குக் 'கோங்' என்று பெயர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கல்கணர் இயற்றிய ராஜதரங்கிணியிலேயே காஷ்மீரத்துக் குங்குமப்பூ பேசப்படுகிறது. பேரரசர் ஜஹாங்கீர் இவ்வயல்களைக் கண்டு, அதன் மணத்தால் உடன்வந்தோருக்குத் தலைவலி உண்டானதாகத் தம் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

அந்த மணம் இன்று குறுகிய நிலத்திலிருந்தே எழுகிறது. 1990களின் நடுவில் சுமார் 5,700 எக்டேராக இருந்த பரப்பு, 2010 அளவில் 3,700 எக்டேராகச் சுருங்கியிருந்தது. ஆகஸ்ட், செப்டம்பர் மழை தவறுவதும், கிழங்கழுகல் நோயும், வீட்டுமனைகளின் பெருக்கமும் காரணங்கள். முள்ளம்பன்றிகளும் கிழங்கைத் தோண்டித் தின்கின்றன. ஒரே வயலில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கிழங்குகளை மாற்றாமல் விடும் பழைய வழக்கமும் விளைச்சலைக் குறைத்தது. 2010இல் தேசிய குங்குமப்பூ இயக்கம் சுமார் 400 கோடி ரூபாயில் தொடங்கப்பெற்றது. ஆழ்துளைக் கிணறுகளும் தெளிப்பு நீர்ப்பாசனமும் அதன் பகுதிகள். எனினும் நீர் வயலை எட்டவில்லை என்பது விவசாயிகளின் நெடுநாள் குறை. 2020இல் கிடைத்த புவிசார் குறியீடு விற்பனைக்குத் துணைநிற்கிறது. ஆண்டு முழுவதற்குமான வருவாய் மூன்று வாரங்களில் கைக்கு வரும் பயிர் இது. ஆகவே திருப்பிச் செலுத்தும் தவணை, அறுவடையை ஒட்டி அமைந்தால்தான் விவசாயிக்கு உதவும்.

விடியற்காலையில் மலர்களைப் பறித்து, அன்றே சூல்முடிகளைப் பிரித்து உலர்த்த வேண்டும். ஐந்து கிலோ ஈரமான இழைகள் உலர்ந்து ஒரு கிலோவாகும். சிவந்த நுனிகள் மட்டும் கொண்டது 'மோங்ரா'; அடியில் மஞ்சள் தண்டும் சேர்ந்தது 'லச்சா'.

மலைப்பகுதிகளுக்குச் செல்வோர் ஓர் எச்சரிக்கையை நினைவில் கொள்க. பார்வைக்குக் குரோக்கஸ் போன்றே தோன்றும் கால்ச்சிகம் என்னும் மலரில் கால்ச்சிசின் என்ற கொடிய நஞ்சு உள்ளது. கீல்வாத மருந்தாகப் பயன்படுவதும் அதுவே. அளவு மீறினால் உயிரைப் போக்கும். அதன் மஞ்சள் மலர் வகையொன்று காஷ்மீரத்தில் பனி உருகும் வேளையில் பூக்கிறது. மகரந்தத்தாள்களை எண்ணுவதே வேறுபாடு அறியும் எளிய வழி: குரோக்கஸில் மூன்று, கால்ச்சிகத்தில் ஆறு. குரோக்கஸ் இலையின் நடுவே வெண்கோடு ஓடும். மற்றதில் அது இராது.

கடையில் வாங்கும்போது எண்ண வேண்டியது இழைகளை. ஒரு கிராம் என்பது சுமார் 450 இழைகள். பயணமொன்றில், தங்கநிறப் பெட்டியின் அழகில் மயங்கி நான் மலிவாக வாங்கிய 'குங்குமப்பூ', வெந்நீரில் இட்ட கணமே நீரைச் செக்கச்சிவப்பாக்கிவிட்டுத் தான் வெளுத்துக் கிடந்தது. சாயமேற்றிய சோளக்குஞ்சமாக இருந்திருக்கும்! அசல் இழை நீரை மெல்ல மெல்லப் பொன்மஞ்சளாக்கும். தான் சிவப்பாகவே நிற்கும். நுனி எக்காளம்போல் விரிந்திருக்கும். மணம் இனிக்கும், நாவில் கசக்கும். இனித்தால் அதில் வேறேதோ கலந்திருக்கிறது. பொடியாக வாங்குவதைத் தவிர்த்து, இழையாக ஒரு கிராம் வாங்கி, ஒளிபுகாத சிமிழில் காற்றுப்புகாமல் வைத்திருப்பதே சிக்கனம்.

தமிழ் இல்லங்களில் இது கருவுற்ற பெண்களுக்குப் பாலில் கலந்து அளிக்கப்படுகிறது. குழந்தையின் நிறத்தைத் தீர்மானிப்பவை பெற்றோரின் மரபணுக்கள். குங்குமப்பூ அதனை மாற்றாது. சுவைக்காக ஓரிரு இழைகள் சேர்ப்பதில் தவறில்லை. மிகுதியாக உட்கொள்வது கருவுற்றோருக்குத் தீங்கு விளைவிக்கலாம் என்பதால், மருத்துவரிடம் கேட்டறிந்த பின்பே அளிக்க வேண்டும். அப்பாலில் விழுவது சாயமேற்றிய நாராக இருந்தால், பிறக்காத குழந்தையும் அதற்கு விலை கொடுக்க நேரும்.