கப்பலில் எந்த நாட்டுச் சட்டம்?

தாமிரபரணி கடலொடு கலக்கும் புன்னைக்காயலுக்கு வடக்கே தூத்துக்குடித் துறைமுகம் உள்ளது. 2011-இல் அங்கிருந்து கொழும்புக்கு ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ என்னும் பயணிகள் கப்பல் சில மாதங்கள் ஓடிற்று. அத்தகைய கப்பலில் 19 வயது இளைஞர் மது கேட்டால் கொடுக்கலாமா என்று நெல்லைக் கல்லூரி மாணவர் ஒருவர் என்னை வினவினார். நடுக்கடலில் சட்டமேது என்பது அவர் எண்ணம்.

தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது நிரம்பவேண்டும். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலங்கையிலும் 21 தான். செங்கோட்டையைக் கடந்து கேரளம் புகுந்தாலோ 23! கரையிலிருந்து 12 கடல் மைல் வரை கரைநாட்டின் ஆட்சி செல்லும். திறந்த கடலிலோ, கப்பல் எந்த நாட்டில் பதிவாகி அதன் கொடியைத் தாங்குகிறதோ, அந்நாட்டுச் சட்டமே பொதுவாகச் செல்லும். உல்லாசக் கப்பல்கள் பல பகாமாஸ் நாட்டுக் கொடியுடையவை. அங்கே வயது வரம்பு 18.

அப்படியாயின் 18 போதுமா? போதாது, நேயர்களே. கொடி இடங்கொடுத்தாலும் கப்பல் நிறுவனம் அதனினும் கடுமையான விதி வகுக்கலாம். பயணச்சீட்டு வாங்கியவர் அவ்விதிக்கு உடன்பட்டவரே ஆவார். அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து புறப்படும் பெரிய கப்பல்களில் 21 என்றும், ஐரோப்பியப் பயணங்களில் 18 என்றும் வைப்பது வழக்கம். ஏறும் துறையின் வழக்கத்தைக் கப்பலும் மதிப்பது முறையென்றே எனக்குத் தோன்றுகிறது. விதியை மீறுவோரை அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடவும் கப்பல் தலைவருக்கு அதிகாரம் உண்டு. அங்கிருந்து ஊர் திரும்பும் செலவு அவரவரைச் சாரும்.