முள் குத்திய கால்

நெல்லியடிச் சந்தைக்கு மரக்கறி கொண்டுவரும் கமக்காரரின் கால்களைச் சற்று உற்று நோக்குங்கள். மண்வெட்டி பட்ட தழும்பு ஒன்று. பனைமட்டைக் கருக்குக் கீறிய கோடுகள் சில. வேலிக் கம்பி கிழித்த வடு மற்றொன்று. காயம் படுதல் வடமராட்சியாருக்குப் புதிதன்று. ஆயினும் எந்தக் காயத்துக்கு அஞ்சவேண்டும் என்பதில் நம்மவர் பெரும்பாலும் தவறிவிடுகின்றனர். இரத்தம் பெருகினால் வீடே திரண்டு அலறுகிறது; முள் குத்தினாலோ, பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைத் தொடருகிறோம்.

சைக்கிளிலிருந்து விழுந்த பிள்ளையின் முழங்காலில் தோல் தேய்வது சிராய்ப்பு. எரிச்சல் மிகுதி, கழுவினால் ஆபத்துக் குறைவு. கத்தியால் நேர்வது வெட்டுக்காயம். விளிம்பு நேராயிருக்கும், இரத்தமும் மிகும். கம்பி கிழித்தால் விளிம்பு பிய்ந்து, அழுக்கு உட்புகும். ஆணியோ முள்ளோ ஏறுவது குத்துக்காயம். அதன் வாய் சிறிது, ஆழம் பெரிது. இரத்தம் அதிகம் வெளிவராமையால் அழுக்கும் உள்ளேயே தங்கிவிடுகிறது. வாயோ விரைவில் மூடிக்கொள்கிறது.

ஏற்புவலிக் கிருமி வேண்டுவதும் அதுவே. மண்ணிலும் மாட்டெருவிலும் நெடுங்காலம் உறங்கிக்கிடக்கும் அக்கிருமி, காற்றுப் புகாத இடத்திலே விழித்து நஞ்சைச் சுரக்கிறது. துருவைக் குறைசொல்லிப் பயனில்லை. புத்தம்புது ஆணியாயினும் எருப்பட்ட மண்ணிற் கிடந்ததாயின் அதே ஆபத்துத்தான். பெரும்பாலும் 3 முதல் 21 நாள்களுள், காயத்தையே மறந்திருக்கும் வேளையில், தாடை இறுகத் தொடங்கும்.

மானிப்பாயிற் பணிபுரிந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், ஆங்கில அறுவை மருத்துவ நூலொன்றைத் தமிழாக்கி 'இரண வைத்தியம்' என 1867இல் வெளியிட்டார். காபோலிக் அமிலத்தாற் காயம் சீழ்பிடியாமற் காக்கும் முறையை இலிஸ்ரர் உலகுக்கு அறிவித்ததும் அதே ஆண்டிலேதான். ஏற்புவலிக் கிருமியை யப்பானியரான கித்தசாத்தோ தனியே பிரித்து வளர்த்தது 1889இல். ஆகவே, அக்காலத்தார் சாணத்தையும் சாம்பலையும் காயத்தில் அப்பியிருந்தால் அவர்களுக்கு மன்னிப்புண்டு, நமக்கில்லை. கோப்பித்தூளும் அவ்வாறே. இரத்தத்தை நிறுத்துவது தூள் அன்று, அதை அழுத்திப் பிடிக்கும் விரலே!

அந்த விரலுக்கு வேண்டியது சுத்தமான துணி ஒன்றே. கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, துணியைக் காயத்தில் வைத்து 10 நிமிடம் விடாது அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று இடையிடையே எடுத்துப் பார்க்கும் ஆவல்தான் மீண்டும் இரத்தத்தைப் பெருக்குகிறது. துணி நனைந்தால் அதன்மேல் இன்னொன்றை வையுங்கள். இரத்தம் நின்றபின், கொதித்தாறிய நீரைத் தாராளமாக ஊற்றிக் கழுவி, சுத்தமான சீலையாற் கட்டலாம். ஆழப் பதிந்த கம்பியையோ கண்ணாடியையோ பிடுங்கலாகாது. அது அசையாதபடி கட்டி, அப்படியே மருத்துவரிடம் கொண்டுசெல்லல் வேண்டும்.

10 நிமிடத்தில் இரத்தம் நில்லாவிடினும், பீறிட்டுப் பாய்ந்தாலும், காயம் வாய்பிளந்து நின்றாலும், விரல் மரத்துப்போனாலும் தாமதியாது மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்; நெல்லியடியாருக்கு அது தொலைவன்று. சில நாள் கழித்துக் காயம் சிவந்து வீங்கிச் சீழ் கொண்டாலும், காய்ச்சல் கண்டாலும் அவ்வாறே. நீரிழிவுக்காரருக்கு நோவே தெரியாமற் கால் அழுகுவதுண்டாதலின், அவர்கள் நாள்தோறும் உள்ளங்காலைப் பார்ப்பது நன்று. நாய் கடித்தாலோ முதலில் சவர்க்காரமும் ஓடும் நீருமாக 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குப் போதல் வேண்டும்.

முள் குத்தியவர் மருத்துவரிடம் சென்றால், "ஏற்பு ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள்?" என்பதே முதற் கேள்வியாயிருக்கும். கலியாணத் திகதியும் காணி உறுதித் திகதியும் நினைவிலுள்ள நம்மவருக்கு இந்தத் திகதி மட்டும் நினைவில் இராது. அழுக்குக் காயத்துக்கு, முறையாக ஊசி போட்டவராயினும் 5 ஆண்டு கடந்திருந்தால் மீண்டும் போடுவது வழக்கம். ஊசித் துண்டு அகப்பட்டாற் காட்டுங்கள். இல்லையேல், தெரியாது என்றே சொல்லுங்கள். ஊகித்து ஓர் ஆண்டைச் சொல்லிவிடாதீர்கள்.