விக்கிப்பீடியாவில் வாக்குவாதம் வந்தால்?

கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டால், பலரும் முதலில் தேடிப் பார்ப்பது சொந்த ஊரின் பெயரைத்தான். நீங்கள் காவேரிப்பாக்கத்துக்காரர் என்று வைத்துக் கொள்வோம். தமிழ் விக்கிப்பீடியாவில் ஏதோ ஒரு கட்டுரை உங்கள் ஊரை வேலூர் மாவட்டம் என்கிறது. 2019 நவம்பர் 28-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, காவேரிப்பாக்கம் ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போய்விட்டதே! இந்தப் பிழையை நீங்களே திருத்தலாம். ஆனால், நீங்கள் திருத்தியதை இன்னொருவர் பழையபடி மாற்றிவிட்டால்?

கோபம் வரும். ஆனால் அவசரப்பட வேண்டாம். 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுபவர்கள் தன்னார்வலர்கள். ஒரு கடுஞ்சொல் கேட்டு ஒருவர் விலகிவிட்டால், அவர் எழுத இருந்த கட்டுரைகளும் நமக்குக் கிடைக்காமல் போய்விடும். அதனால்தான் சண்டையைக் குறைக்கும் வசதிகள் அங்கே இருக்கின்றன.

எதை எங்கே பேசுவது?

ஒவ்வொரு கட்டுரைக்கும் 'உரையாடல்' பக்கம் ஒன்று உண்டு. அந்தக் கட்டுரையைப் பற்றிய பேச்சு மட்டும் அங்கே. ஏரியில் தண்ணீர் இல்லை, பஸ் நேரத்துக்கு வருவதில்லை என்ற குறைகளுக்கு அது இடமல்ல. எல்லோருக்கும் பொதுவான விஷயங்களை 'ஆலமரத்தடி'யில் பேசலாம். எப்படிச் செய்வது என்று தெரியாவிட்டால் 'ஒத்தாசைப் பக்கம்' சென்று கேட்கலாம்.

முதலில் வரலாற்றைப் பாருங்கள்

கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தை க்ளிக் செய்தால் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற பட்டியல் வரும். மாற்றியவர் காரணத்தையும் எழுதியிருக்கக்கூடும். ஒருவேளை நீங்கள் ஆதாரம் கொடுக்காததுதான் காரணமாக இருக்கும். அரசு அறிவிப்பையோ செய்தித்தாளையோ சான்றாகச் சேர்த்தால் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

ஆளை விட்டு வரியைப் பேசுங்கள்

"உனக்கு ஒன்றும் தெரியாது" என்று எழுதினால் பதிலுக்கு வசைதான் வரும். "இரண்டாம் பத்தியில் மாவட்டத்தின் பெயர் பழையது, சான்று இதோ" என்று எழுதுங்கள். எதிரில் இருப்பவர் பள்ளி மாணவரா, ஓய்வு பெற்ற பேராசிரியரா என்று நமக்குத் தெரியாது. எனவே எவரையும் ஒருமையில் அழைக்காதீர்கள். ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் டைப் செய்தால் கத்துவதாக அர்த்தம். தமிழில் பெரிய எழுத்து இல்லை என்றாலும், வரிசையாக ஆச்சரியக்குறி போடுவதும் கத்துவதுதான்.

எழுதி முடித்ததும் ~~~~ என்று நான்கு குறிகள் இட்டால் உங்கள் பயனர் பெயரும் நேரமும் தானாகப் பதிவாகும். யார் சொன்னது என்ற குழப்பம் இராது.

எழுத்துச் சண்டைக்கு ஒரு வழி

தமிழ்நாட்டில் 'டொராண்டோ' என்பதை இலங்கைத் தமிழர் 'ரொறன்ரோ' என்பார்கள். கிரந்த எழுத்துகள் வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதமும் உண்டு. தலைப்பு ஒன்றுதான் இருக்க முடியும் என்றாலும், 'வழிமாற்று' என்ற வசதி இதற்குக் கைகொடுக்கிறது. எந்த எழுத்துக்கூட்டலில் தேடினாலும் ஒரே கட்டுரைக்கு வந்து சேரும்படி இதை அமைக்கலாம்.

அப்படியும் ஓயாவிட்டால், மாற்றி மாற்றித் திருத்திக் கொண்டிருக்காதீர்கள். ஆலமரத்தடியில் மற்றவர்களின் கருத்தைக் கேளுங்கள். தேவைப்பட்டால் நிர்வாகிகள் அந்தப் பக்கத்தைத் தற்காலிகமாகப் பூட்டுவார்கள். தொடர்ந்து திட்டுபவரைத் தடை செய்யவும் முடியும்.

திறமைசாலிக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைக்க வேண்டாம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், தன் கடுமையான பேச்சுக்காக 2018 செப்டம்பரில் மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் பணியிலிருந்து ஒதுங்கியிருந்தார். லினக்ஸ் குழு அப்போதே புதிய நடத்தை விதிகளை ஏற்றது. விக்கிப்பீடியா போன்ற எல்லா விக்கிமீடியா தளங்களுக்குமான பொது நடத்தை விதிகள் 2021-ல் அறிவிக்கப்பட்டன.

புதியவர்கள் முதலில் ஒரு பயனர் கணக்கைத் தொடங்கி, 'மணல்தொட்டி'யில் எழுதிப் பழகுங்கள். அங்கே என்ன தவறு செய்தாலும் எந்தக் கட்டுரையும் கெடாது. கை பழகியதும் உங்கள் ஊர்க் கட்டுரைக்குச் செல்லுங்கள். சான்றைக் கையில் வைத்துக் கொண்டு தொடங்குங்கள்.