பந்தாட்டமும் பஞ்சாங்கமும்

ஸ்ரீபெரும்புதூரினின்றும் ஒரகடத்திற்குச் செல்லும் பெருஞ்சாலையில் முறைவேலை மாறும் பொழுதில் நின்றறியாதார், இந்நாட்டில் இத்துணைப் பேருந்துகள் உள்ளன என்பதை எளிதில் நம்பார். முன்பு ஏரியும் வயலுமாய்க் கிடந்த அப்பகுதி, இன்று கார்களும் பாரவண்டிகளும் டயர்களும் பிறக்குமிடமாய் விளங்குகின்றது. அச்சாலையோரத் தேநீர்க்கடை ஒன்றில் நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவரை நாம் ஒருநாள் காண நேர்ந்தது. கல்லூரி நாட்களில் டென்னிஸ் அணியில் ஆடியவர் அவர். இப்பொழுது கார் உறுப்புக்கள் செய்யும் ஆலையொன்றில் இருப்புக் கணக்குப் பார்த்து வருகின்றார். நலம் உசாவி முடியுமுன்னரே, "ஐயா, ஒரு சந்தேகம். நம் கோயம்புத்தூர்ப் பெண் மாயா மும்பையில் அவ்வளவு பேரை வென்றாளே, பின்பு வாரந்தோறும் ஆடக் காணோமே? ஆட ஆடத்தானே தரம் உயரும்?" என்று கேட்டார். சற்றுத் தயங்கி, "என் தங்கை மகளும் ஆடுகிறாள், ஐயா. எந்தப் போட்டிக்கு அனுப்புவது, எதற்குக் கடன் வாங்குவது என்று தெரியாமல் வீட்டில் எல்லோரும் விழிக்கிறோம்" என்றும் சொன்னார்.

அவருக்கு அன்று கூறிய விடை தேநீர் ஆறுமளவும் நீண்டது. அவர் போன்றே ஐயுறுவார் நம் வாசகருள்ளும் பலர் இருப்பராகலின், அதனை இங்கு ஒருவாறு விரித்துரைக்கப் புகுகின்றோம்.

முதற்கண் நிகழ்ந்ததைக் கூறுவோம். கோயம்புத்தூரைச் சேர்ந்த மாயா ராஜேஸ்வரன் ரேவதி, 2025ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், தமது பதினைந்தாம் வயதில், மும்பையில் நடைபெற்ற மகளிர் 125 போட்டியில் தகுதிச் சுற்றிலிருந்து தொடங்கி அரையிறுதி வரை சென்றார். அங்கு அவரை வென்ற சுவிட்சர்லாந்து வீராங்கனை ஜில் டைக்மன் என்பாரே முடிவிற் பட்டமும் பெற்றார். பின்னர் மாயாவுக்கு ஸ்பெயின் நாட்டு மல்லோர்க்காத் தீவிலுள்ள நடால் பயிற்சிக் கழகத்தில் இடங்கிடைத்தது. கோவை நகர்க்கு இப்பெருமை புதிதன்று. 1998ஆம் ஆண்டு ஆஸ்திரேலியப் பெருந்தொடரின் முதன்மைச் சுற்றில் ஓர் ஆட்டத்தை வென்று, அக்காலத்து இந்திய மகளிர்க்கு வழி திறந்த நிருபமா வைத்தியநாதனும் அவ்வூரினரே.

இனித் தரவரிசை என்பது யாது? நம் நண்பரின் இருப்புக் கணக்கையே உவமையாக்கினோம். அவர் கிடங்கில் முன் வந்த சரக்கு முன் வெளியேறும். தரவரிசைக் கிடங்கிலும் அவ்வாறே. ஒரு போட்டியில் ஈட்டிய புள்ளி 52 வாரங்கள் மட்டுமே கணக்கில் நிற்கும். அதன்பின் தானே கழிந்துவிடும். இவ்வாண்டு பிப்ரவரியிற் சேர்த்ததை மறு ஆண்டு பிப்ரவரியில் மீண்டும் ஈட்டாவிடின், ஆட்டம் குன்றாத போதும் வரிசை குன்றும். அன்றியும், எத்துணைப் போட்டிகளில் ஆடினும் அவற்றுட் சிறந்த சிலவே எண்ணப்பெறும். மகளிர்க்கு அவ்வெண்ணிக்கை 2024இல் 18 ஆக உயர்த்தப்பட்டது. கணிப்பொறி கொண்டு செய்யும் இம்முறை ஆடவர்க்கு 1973 ஆகஸ்டிலும் மகளிர்க்கு 1975 நவம்பரிலும் தொடங்கியது. அதற்கு முன்னெல்லாம் போட்டிக் குழுவினரின் மதிப்பீடே பெரிதும் ஆண்டது. நம் இராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய ஈராண்டும் விம்பிள்டன் அரையிறுதி கண்டபின், 1962இல் அவரை நான்காம் நிலையில் வைத்தது குழுவினரின் கண்ணேயன்றிக் கணிப்பொறியன்று.

மகளிர் போட்டிகள் படிப்படியாய் அமைந்தவை. அடியில் 15, 35, 50, 75, 100 என எண்ணிட்ட உலகச் சுற்றுப் போட்டிகள். மேலே 125, 250, 500, 1000. உச்சியில் நான்கு பெருந்தொடர்கள். பெருந்தொடர் நீங்கலாகப் பட்டம் வெல்வார்க்கு அவ்வப்பெயரிலுள்ள எண்ணளவே புள்ளி. பெருந்தொடர்க்கு மட்டும் 2000. மும்பையில் அரையிறுதிக்குரிய புள்ளி 49. இதனைச் சிறிது எண்ணிப் பாருங்கள். மூன்று வாரம் மூன்று ஊர்களிற் சென்று மூன்று 15 பட்டங்களையும் ஒன்றுவிடாமல் வென்றாலும் கிடைப்பது 45. உலகத் தரவரிசையிற் பெயர் ஏறுவதற்கே மூன்று போட்டிகளிலேனும் புள்ளி பெறல் வேண்டும், அன்றி மொத்தம் 10 புள்ளியேனும் வேண்டும். அவ்வாயிலைப் பலர் ஓராண்டு அலைந்து கடக்க, ஒரே வாரத்தில் ஒருத்தி கடந்து செல்லவும் கூடும்.

"அப்படியானால் பெரிய போட்டிகளிலேயே ஆடலாமே!" என்றார் நண்பர். ஆடலாம், ஆனால் வாயிலோன் விடல் வேண்டுமே! பெரிய போட்டிகளில் இடம் தருவது தரவரிசை. தரவரிசையைத் தருவதோ போட்டி. சிறப்பு அனுமதி பெற்று நுழைந்தாலும், 250 போட்டியின் முதற்சுற்றிலேயே தோற்பார்க்குக் கிடைப்பது ஒரே புள்ளி. ஆகவே மிகத் தாழ்ந்த படியில் நின்றால் புள்ளி பெருகாது. மிக உயர்ந்த படிக்குத் தாவினால் வெறுங்கையோடு திரும்ப நேரும். எவ்வாரம் எப்படியில் நிற்பதென்று தெரிதலே இத்தொழிலின் பஞ்சாங்கம்.

பெருந்தொடரின் வாயில் இன்னும் குறுகியது. 128 பேர் ஆடும் முதன்மைச் சுற்றில் 104 இடங்கள் தரவரிசைப்படி நிரம்பும். 16 தகுதிச் சுற்றில் வென்று வருவார்க்கு. 8 சிறப்பு அனுமதிக்கு. 2025 விம்பிள்டனில் முதற்சுற்றில் தோற்றவரும் 66,000 பவுன் பெற்றார். 15 போட்டியிலோ, ஐந்து ஆட்டங்களில் வென்று பட்டம் பெற்றாலும் இரண்டாயிரத்துச் சொச்சம் டாலரே கிட்டும். விமானக் கட்டணமும் விடுதிக் கூலியும் பயிற்சியாளர் சம்பளமும் அதற்குள் அடங்குமோ? ஆகலின் நூறாம் இடத்திற்கும் நூற்றைம்பதாம் இடத்திற்கும் உள்ள தொலைவு பெருமையின் தொலைவு மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் கடன் தீர்வதற்கும் வளர்வதற்கும் உள்ள தொலைவாம்.

இங்குச் சென்னை இராம்குமார் இராமநாதனை நினையாதிருக்க இயலவில்லை. அவர் 2018 ஜூலை 22ஆம் நாள் அமெரிக்காவின் நியூபோர்ட் போட்டியில் இறுதியாட்டம் வரை சென்று ஸ்டீவ் ஜான்சனிடம் தோற்றார். அத்திங்களிலேயே தம் வாழ்வின் உச்சமான 111ஆம் இடத்தை அடைந்தார். அவ்வாண்டு அமெரிக்கப் பெருந்தொடர் தொடங்கியது ஆகஸ்டு 27. பெயர்ப்பட்டியலோ ஆறு வாரங்கட்கு முன்னைய தரவரிசையைக் கொண்டு எழுதப்படுவது. விரல்விட்டு எண்ணுக: நியூபோர்ட்டில் ஈட்டிய புள்ளி கணக்கிற் சேருமுன்னரே அப்பட்டியல் எழுதி முடிந்திருந்தது! ஒரு வாரம் முந்தியிருந்தால் இடம் கிடைத்திருக்கும் என்று உறுதி கூறோம். வரிசையில் அப்பொழுதும் சில படிகள் குறைவே. ஆயினும் தகுதிச் சுற்றுக்களில் ஆண்டுதோறும் முயன்ற அவ்வீரர்க்கு ஒற்றையர் முதன்மைச் சுற்று எட்டாமலே போயிற்று. இதற்கு மாறாக, காயங்களால் நெடுங்காலம் இழந்து பின்னர் மீண்ட சென்னைப் பிரஜ்னேஷ் குணேஸ்வரன், 2018இல் சீனத்து ஆனிங்கிலும் பெங்களூரிலும் சாலஞ்சர் பட்டங்கள் பெற்று, 2019 ஏப்ரலில் 75ஆம் இடமெய்தி, அவ்வாண்டு நான்கு பெருந்தொடர்களிலும் ஆடினார். நான்கிலும் முதற்சுற்றிலேயே தோற்றார் என்பது மெய்யே. அவ்வாண்டு அமெரிக்கப் பெருந்தொடரில் அத்தோல்விக்கு 58,000 டாலர் உண்டு என்பதும் மெய்யே.

மாயா போன்ற இளம்பெண்கட்கு மற்றுமொரு கட்டு உண்டு. நண்பரின் வினாவிற்கு நேர்விடை இதுவே. அமெரிக்கப் பெண் ஜெனிபர் கேப்ரியாட்டி 1990இல் பதினான்கு நிரம்புமுன்னரே தொழில்முறை ஆட்டத்தில் இறங்கி, விரைந்து புகழெய்தி, 1993இல் மனமும் உடலும் சோர்ந்து ஆடுகளத்தை விட்டகன்றார். அவர் மீண்டு வந்து 2001இல் ஆஸ்திரேலியப் பெருந்தொடரை வென்றது தனிக்கதை. அவ்வனுபவத்தாற் பிறந்தது 1995ஆம் ஆண்டு வயது விதி. பதினெட்டு நிரம்பாத பெண் ஓராண்டில் ஆடத்தக்க தொழில்முறைப் போட்டிகளின் தொகை வயதுக்கேற்ப வரையறுக்கப்பட்டது. பதினைந்து வயதினள் எண்ணப்பெறும் 18 போட்டிகளையும் ஆடித்தீர்க்க இயலாது. எனவே அவட்கு "சிறந்தவை" என்று கழித்தெடுக்க மிச்சமில்லை. ஆடும் ஒவ்வொரு வாரமும் ஏட்டில் ஏறும். வீணான ஒரு வாரம் மூத்தோர்க்கு ஒரு வாரமே. இளையோர்க்கோ அது ஆண்டில் ஒரு பெரும்பங்கு. இடையில் இளையோர் போட்டிகளும் உள. இளையோர் தரவரிசையின் உச்சியில் ஆண்டை முடிப்பார்க்கு மூத்தோர் போட்டிகளில் ஒதுக்கிடங்கள் தரப்படுதலால், அங்குச் செலவிடும் வாரமும் வீணன்று. ஆகவே அவரைக் காணோமென்று கவலற்க.

சொந்த நாட்டில் நடக்கும் போட்டிகளின் மதிப்பை நம்மவர் குறைத்தெண்ணுகின்றனர் என்பது நம் கருத்து. சென்னை நுங்கம்பாக்கத்தில் மகளிர் 250 போட்டி 2022இலும் 2025இலும் நடைபெற்றது. முன்னதில் செக் நாட்டு லிண்டா புருவிர்த்தோவா பதினேழு வயதிற் பட்டம் வென்றார். பின்னதில் வென்றவர் இந்தோனேசியாவின் ஜானிஸ் சென். இவர் வரலாறு கல்லூரி மாணவர்க்கு மிக உரியது. அமெரிக்காவிற் கல்லூரியில் பயின்றுகொண்டே அணிக்காக ஆடி, பட்டப்படிப்பை முடித்த பின்னரே முழுநேரத் தொழிலில் இறங்கினார்; சிறு போட்டிகளில் அடுத்தடுத்து வென்றார்; 2025 அமெரிக்கப் பெருந்தொடரில் தகுதிச் சுற்றுக் கடந்து முதற்சுற்றில் வெரோனிகா குதெர்மேத்தோவாவை வீழ்த்தினார்; நவம்பர் 2ஆம் நாள் சென்னையிற் கோப்பை ஏந்தினார். ஏழு 35 பட்டங்கள் சேர்ந்தாலும் 245. அவ்வொரு வாரம் அவர்க்குத் தந்தது 250. நம் சோம்தேவ் தேவ்வர்மனும் வர்ஜீனியாப் பல்கலைக்கழக மாணவராயிருந்து 2007, 2008 ஆகிய ஈராண்டும் அமெரிக்கக் கல்லூரிகளின் ஒற்றையர் பட்டம் வென்று, பின்னர் 62ஆம் இடம் வரை உயர்ந்தவரே. படிப்பை விட்டாற்றான் பந்து வரும் என்று பதினான்கு வயதுப் பிள்ளையின் பள்ளியை நிறுத்தும் பெற்றோர் இவ்விருவரையும் எண்ணிப் பார்ப்பாராக.

நம்மை வினவின், வளரும் வீராங்கனை ஒருத்தியின் ஆண்டினை இவ்வாறு வகுப்போம். இந்தியாவிலும் அண்டை ஆசிய நாடுகளிலும் 35, 50 படிகளில், ஒரே வகை ஆடுகளத்தில், மூன்று மூன்று வாரங்களாய்ச் சேர்ந்து ஆடுக. பின்னர்ப் பயிற்சிக்கென வாரங்களை ஒதுக்குக. உள்நாட்டுப் பெரும்போட்டி வந்தால் விடற்க. ஆனால் அங்குப் பெரும்புள்ளி கிடைத்தால், அது மறு ஆண்டு கழியுமுன் வேறு திங்களில் வேறு ஊரிலும் புள்ளி விதைத்து வைத்தல் வேண்டும். விளைச்சல் முழுதும் ஒரே பருவத்தை நம்பியிருத்தல் ஆகாது. 15 பட்டங்களை ஓயாது துரத்துவதை நாம் விரும்புகிலோம். புள்ளி சிறிது, செலவு பெரிது, எதிர்ப்போரும் தம்மினும் வலியரல்லராகலின் கற்பது குறைவு. இதில் மாறுபடும் பயிற்சியாளர் பலர் உளர் என்பதறிவோம். வெல்லும் பழக்கமே பெரிதென்பர் அவர். அதுவும் ஒரு நியாயமே.

இவ்வளவும் கேட்ட நண்பர், சட்டைப்பையினின்றும் சிறு குறிப்பேடொன்றை எடுத்தார். சரக்கு வரவு எழுதிய பக்கத்தின் மறுபுறத்தில் பன்னிரு கட்டங்கள் வரைந்து, தங்கை மகளின் பள்ளித் தேர்வு வரும் திங்களை முதலில் அடித்துவிட்டார். "மீதி பதினொன்று, ஐயா" என்றார். அதற்குள் ஆலைப் பேருந்து ஒலியெழுப்பவே, தேநீருக்குக் காசு கொடுக்க நம்மை விடாமல் தாமே கொடுத்துவிட்டு ஓடி ஏறிக்கொண்டார்.