சேர்ந்து விழித்திருக்கும் நிமிடங்கள்

எங்கள் தெருவில் ஒரு டாக்டர் வீடு. இரவு ஒன்பதரைக்கு மேல்தான் அவர் கார் வரும். அவர் மனைவி தோசைக்கல்லைக் காயவைத்துக் காத்திருப்பார். முதல் தோசை தட்டில் விழுவதற்குள் போன் அடிக்கும். "பிரஷர் எவ்வளவு? டிரிப்ஸ் போடுங்க, வந்துடறேன்." தோசை ஆறிப்போகும். "வீட்டுக்கு வந்தாலும் வார்டை விட்டு வர்றதில்லைம்மா" என்றார் அந்த அக்கா ஒருநாள்.

இப்படிப்பட்ட கல்யாணங்கள் சீக்கிரம் முறிந்துவிடும் என்றுதான் ஊரில் பேச்சு. அமெரிக்காவில் கணக்குப் பார்த்தபோது அப்படித் தெரியவில்லை. 2015ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வின்படி, அங்கே மணமான டாக்டர்களில் விவாகரத்தைச் சந்தித்தவர்கள் சுமார் 24 சதவீதம். வக்கீல்களில் 27, நர்ஸ்களில் 33. ஆனால் பெண் டாக்டர்களிடம் விவாகரத்து அதிகம். வேலை நேரம் கூடக்கூடப் பெண்ணுக்கு அது ஏறுகிறது, ஆணுக்கு இறங்குகிறது. நைட் டியூட்டி முடித்து வரும் ஆணுக்குக் காபி தயாராக இருக்கும். பெண்ணுக்கு அடுப்படி காத்திருக்கும். காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

பிரியாமல் இருப்பது வேறு, நிறைவாக இருப்பது வேறு. மேயோ க்ளினிக்கின் மருத்துவ இதழில் 2013ல் வந்த ஆய்வு, டாக்டர்களின் துணைவர்களையே கேட்டது. பதில் சொன்ன 891 பேரில் 86.8 சதவீதத்தினர் நிறைவாக இருப்பதாகச் சொன்னார்கள். எரிச்சலோடு வருகிறார், அசந்துபோய் உட்கார்ந்துவிடுகிறார், நினைப்பெல்லாம் ஆஸ்பத்திரியில்தான் என்ற குறைகளும் உண்டு. வாரத்துக்கு எத்தனை மணி நேர டியூட்டி என்பதைவிட, தினமும் இருவரும் சேர்ந்து விழித்திருக்கும் நிமிடங்களே நிறைவை அதிகம் தீர்மானித்தன.

மனநல மருத்துவர்கள் கிளென் கப்பார்டும் ராய் மெனிஞ்சரும் 1989லேயே டாக்டர் குடும்பங்களின் 'அப்புறம் பார்த்துக்கலாம்' குணத்தைப் பற்றி எழுதினார்கள். நம் ஊரிலும் இதைக் கேட்கலாம்: பி.ஜி. முடியட்டும், சொந்த க்ளினிக் வரட்டும், லோன் அடையட்டும். அதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள். நேரமில்லை என்ற சொல்லுக்கு அடியில் பேசாமல் விட்ட மனத்தாங்கல்கள் கிடக்கலாம் என்பதும் அவர்கள் கண்டதுதான்.

அந்த அக்கா இப்போது ஐந்தரைக்கே எழுந்துவிடுகிறார். டாக்டர் ரவுண்ட்ஸ் கிளம்புமுன் வாசற்படியில் இருவரும் காபியோடு இருபது நிமிடம் உட்காருகிறார்கள். தூக்கத்தை விடுவது இங்கும் அக்காதானே என்று எனக்கு ஆற்றாமைதான். ஆனாலும் கோலம் போடும்போது பார்க்கிறேன்; அக்கா ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறார். போன் உள்ளே சார்ஜில் கிடக்கிறது.